கோபுரம் ஏறுவதற்கு முன்பே

கேள்வி: சாதி பார்க்காமல் எல்லோருக்கும் மந்திரம் சொன்னவர் ராமானுஜர் என்று சொல்லி, திருக்கோட்டியூர் கோபுரத்தைக் காட்டுகிறார்கள். அந்த மனசு அவருக்கு அங்கேதான் வந்ததா?
— வாசகி ஒருவர், செய்யாறு

பதில்: இல்லை. அதற்கு முன்பே காஞ்சிபுரத்தில், ஒரு வேளைச் சாப்பாட்டில் அது தெரிந்துவிட்டது.

1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் காஞ்சிக்குப் படிக்க வந்தார். ஆசிரியர் யாதவப்பிரகாசர் உபநிடதத்துக்குச் சொன்ன பொருள் மாணவருக்கு ஒப்பவில்லை. பிணக்கு முற்றிப் பாடம் நின்றது. அப்போது அவர் தேடிப் போனது திருக்கச்சி நம்பியை. நம்பி பூவிருந்தவல்லிக்காரர், வைசியர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குத் திருவாலவட்டம், அதாவது விசிறி, வீசுவது அவருடைய தொண்டு. பெருமாள் அவரோடு பேசுவார் என்று ஊரே நம்பியது. சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரும்படி நம்பி சொல்ல, வேதாந்தம் படித்த அந்தப் பிராமண இளைஞர் குடத்தைத் தூக்கினார்.

தம்மைச் சீடனாக ஏற்கும்படியும் கேட்டார். குலத்தைக் காரணம் காட்டி நம்பி மறுத்துவிட்டார். அவர் உண்ட மிச்சத்தையாவது உண்ண வேண்டும் என்று ராமானுஜர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். கூட்டிவர இவர் ஒரு தெருவில் போக, நம்பி வேறு தெரு வழியே வந்து, கோயில் வேலை இருக்கிறதென்று சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார். ராமானுஜர் திரும்பியபோது இலையை எடுத்தாகிவிட்டது, இடம் மெழுகியாகிவிட்டது. மனைவி தஞ்சமாம்பாள் குளித்துவிட்டுக் கணவருக்குப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார்.

பிற்காலக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. சொல்பவர்கள் பெரும்பாலும் தஞ்சமாம்பாளைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கற்றுக்கொடுத்த ஆசாரப்படிதான் அந்த அம்மாள் நடந்தார். சமைக்கச் சொன்ன கணவர், தம் மனசில் இருந்ததையும் சொன்னதாக நான் கேட்ட கதைகளில் இல்லை. குற்றம் அந்த ஆசாரத்தின் மேல்தான். மனைவியிடம் முன்கூட்டிப் பேசாததில் ராமானுஜருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஒருவர் மனம் விரிந்தால் மட்டும் போதாது. அது அடுப்படி வரைக்கும் போய்ச்சேர வேண்டும்.

பின்னர் ராமானுஜரின் ஐயங்களுக்கு வரதரிடம் கேட்டு, ஆறு வார்த்தைகளாக நம்பி பதில் கொண்டுவந்தார். பெரிய நம்பி என்ற ஆசாரியரைக் குருவாகக் கொள் என்பது அதில் ஒன்று. வாழ்க்கையின் பெரிய முடிவையே, வேறு குலத்தவர் கொண்டுவந்த சொல்லில் நம்பிக்கை வைத்து எடுத்தார் ராமானுஜர். கோபுரம் ஏறியதெல்லாம் பிறகு.

இதே ஊர்க்கதையில் இன்னொருவரையும் நான் மிகவும் மதிக்கிறேன். பிணங்கிப் பிரிந்த யாதவப்பிரகாசர், முதுமையில் தம் பழைய மாணவருக்கே சீடராகி, கோவிந்த ஜீயர் என்ற பெயரோடு துறவு ஏற்றார் என்கிறது வைணவ மரபு. துறவிகளின் ஒழுக்கம் பற்றி அவர் எழுதிய ‘யதிதர்ம சமுச்சயம்’ இன்றும் படிக்கக் கிடைக்கிறது.