ஊக்கம் என்னும் கொடை

திண்டுக்கல் நகரை நோக்கி வருவோர்க்கு முதலிற் புலப்படுவது அந்நகரை அடுத்து ஓங்கி நிற்கும் பெரும்பாறையே ஆகும். சுற்றிலும் சமவெளி; ஒருபால் சிறுமலை, மற்றொருபால் கொடைக்கானல் மலைத்தொடர். இவற்றிடையே திண்டு ஒன்றை எடுத்து வைத்தாற்போல அப்பாறை தனித்து விளங்குகின்றது. திண்டு போன்ற கல் ஆதலின் ஊர்க்கும் அதுவே பெயராயிற்று என்பர்.

மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டில் அப்பாறையின்மீது கோட்டை எழுப்பினார். 1755ஆம் ஆண்டில் மைசூர்ப் படைத்தலைவராய் வந்த ஐதர் அலி அங்கிருந்தே தம் வலிமையைப் பெருக்கினார். 1772ஆம் ஆண்டில் காளையார்கோவிற் போரிலே கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிக்கு வந்து, பாளையக்காரராகிய கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். தம்மை நாடி வந்த அரசியைக் காத்தல் தமக்குத் தீங்காய் முடியலாம் என்பதை அறிந்தும் அவர் கைவிட்டாரில்லை. அரசியார் எட்டாண்டுகள் பொறுத்திருந்து, ஐதர் அலியின் படைத்துணையையும் பெற்று, 1780ஆம் ஆண்டில் தம் நாட்டை மீட்டார்.

இவ்வளவும் நிகழ்ந்த இடத்தில் இன்று நிற்பது கல் ஒன்றே. கல் தானாகப் பேசுவதில்லை. கோட்டையை யார் கட்டினார், எந்த ஆண்டில் கட்டினார் என்பவற்றை வரலாற்று நூல் கூறும். ஆனால் அங்கே காவல் நின்ற வீரன் தன் இல்லத்தை நினைத்து வருந்தியதையும், அடைக்கலம் புகுந்த அரசி உறக்கமின்றிக் கழித்த இரவுகளையும் அந்நூல் கூறுவதில்லை. அதனைக் கூறப் புகுவோரே வரலாற்று நாவலாசிரியர் ஆவர்.

இவர்தம் தொழில் எளிதன்று. செப்பேடு, கல்வெட்டு, மெய்க்கீர்த்தி ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். கோவிலையும் கோட்டையையும் நேரிற் காணுதல் வேண்டும். கிடைத்த உண்மையைச் சிதைக்காமல், கிடைக்காத இடத்தைக் கற்பனையால் நிரப்புதல் வேண்டும். வார இதழில் தொடர்கதையாக எழுதுவோர் இவ்வளவையும் ஒவ்வொரு வாரமும் குறித்த நாளில் முடித்தாக வேண்டும். இத்துணைச் சுமையையும் துணையின்றி ஒருவரே தாங்குதல் அரிது.

இங்குத்தான் ஓர் இடர் உண்டு. எழுதுவோர்க்குச் சிறந்த துணையாகக் கூடியவர் எழுத்தின் அருமையை உணர்ந்த மற்றோர் எழுத்தாளரே. ஆனால் ஒரே வாசகரின் அன்பை நாடி நிற்கும் இருவரிடையே அழுக்காறு தோன்றுதலும் இயல்பு. இதனைப் புலமைக் காய்ச்சல் என்று பெரியோர் வழங்கினர். அக்காய்ச்சலுக்கு இடங்கொடாமல், பிறர் எழுத்தைக் கண்டு மகிழ்ந்து, அதனை வளர்க்கவும் முற்பட்ட சிலருடைய வாழ்வை அறிந்துகொள்வது நலம் பயப்பதாகும்.

ஐரோப்பாவில் வரலாற்று நாவலைப் பெருவழக்காக்கியவர் ஸ்காத்லாந்து நாட்டு வால்டர் ஸ்காட் ஆவார். அவர் 1814ஆம் ஆண்டில் 'வேவர்லி' என்னும் தம் முதல் நாவலைப் பெயர் குறிப்பிடாமலே வெளியிட்டார். அயர்லாந்தில் வாழ்ந்த மரியா எட்ஜ்வொர்த் என்னும் அம்மையார் அதற்கு முன்பே கதைகள் எழுதிப் புகழ் பெற்றிருந்தவர். அவர் இல்லத்தார் புதிய நூலை உரக்கப் படித்து மகிழ்ந்தனர். படித்து முடித்ததும் அம்மையார், இன்னார் என்று அறியாத அவ்வாசிரியர்க்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். எழுதியவர் ஸ்காட்டே ஆதல் வேண்டும் என்றும் உய்த்துணர்ந்தார். தமக்குப் போட்டியாக ஒருவர் வந்தார் என்று அவர் எண்ணவில்லை. ஸ்காட்டும் நன்றி மறந்தவர் அல்லர். அம்மையாரின் அயர்லாந்துக் கதைகளைக் கண்டே தம் நாட்டு மக்களைப் பற்றி எழுதும் எண்ணம் தமக்கு உறுதிப்பட்டது என்று 1829ஆம் ஆண்டு எழுதிய முன்னுரையில் உலகறியக் கூறினார். இருவரும் ஒருவர் இல்லத்திற்கு ஒருவர் விருந்தாகச் சென்று நட்பைப் பேணினர்.

தமிழ்நாட்டில் அத்தகைய நிலையை அடைந்தவர் 'கல்கி' என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். அவர் 1923ஆம் ஆண்டில் திரு.வி.க. நடத்திய 'நவசக்தி' இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். நல்ல தமிழை எளிய நடையில் எழுதும் பயிற்சி அங்கே அவர்க்கு வாய்த்தது. பின்னர்த் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியின் அன்புக்கு உரியவரானார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் நட்போ அவருடைய கலையுணர்வை வளர்த்தது. மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணியோடும் பிற நண்பரோடும் அமர்ந்திருந்த ஓர் நிலவிரவிலே 'சிவகாமியின் சபதம்' என்னும் கதைக்கு வித்து விழுந்தது என்பதை அந்நூலின் முன்னுரையில் கல்கியே குறித்துள்ளார்.

தாம் பெற்ற ஊக்கத்தைத் தம்மோடு நிறுத்திக்கொண்டாரில்லை கல்கி. சென்னைத் தியாகராய நகரில் வாழ்ந்த பாஷ்யம் என்னும் இளைஞர், வெ. சாமிநாத சர்மா, கல்கி ஆகியோருடன் நட்புப் பூண்டார். அவ்விளைஞர் 'சாந்தசீலன்' என்னும் தம் முதற் சிறுகதையை எழுதினார். அதனைப் படித்து மகிழ்ந்த கல்கி, அவருடைய கதைகள் பலவற்றை 'ஆனந்த விகடன்' இதழில் வெளியிட்டார். அவ்விளைஞரே பின்னாளில் 'யவன ராணி', 'கடல் புறா' முதலிய வரலாற்று நாவல்களால் பெரும்புகழ் எய்திய சாண்டில்யன் ஆவார். திரு.வி.க. ஏற்றிய விளக்கிலிருந்து கல்கியும், கல்கியின் விளக்கிலிருந்து சாண்டில்யனும் ஒளி பெற்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஏற்றுவதால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை அன்றோ?

கல்கியின் பெருந்தன்மைக்கு மற்றொரு சான்றும் உண்டு. 1950ஆம் ஆண்டில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை 1954ஆம் ஆண்டில் முடித்தபோது, நூலின் இறுதியில் முடிவுரை ஒன்றை எழுதினார். கதையில் தாம் சொல்லாது விட்ட வரலாறுகளை எடுத்துக்கொண்டு வருங்கால எழுத்தாளர்கள் நாவல்கள் படைக்கக்கூடும் என்று அதில் நம்பிக்கை தெரிவித்தார். தம் களம் தமக்கே உரியது என்று வேலியிடாமல், வருவோர்க்கு வாயிலைத் திறந்து வைத்தார். அவ்வாண்டு இறுதியிலேயே அவர் மறைந்தார். ஆயினும் அவர் நம்பிக்கை வீண்போகவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். அகிலன் இராசேந்திர சோழனைப் பற்றி எழுதிய 'வேங்கையின் மைந்தன்' கல்கி இதழிலேயே வெளிவந்து, 1963ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமியின் பரிசினைப் பெற்றது. நா. பார்த்தசாரதியின் 'பாண்டிமாதேவி', 'மணிபல்லவம்' ஆகிய கதைகளும் அவ்விதழில் இடம்பெற்றன.

சென்னையில் இவ்வாறு ஒரு மரபு தழைத்தது. திண்டுக்கல் சமவெளியில் வேர்கொண்ட மற்றொரு மரபும் உண்டு. திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள ஊர் வத்தலக்குண்டு. தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றாகிய 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதிய ராஜம் ஐயர் பிறந்த ஊர் அது. அவர் 1898ஆம் ஆண்டில் இருபத்தாறே வயதில் மறைந்தார். அவ்வூரிலே 1905ஆம் ஆண்டில் பிறந்தவர் பி.எஸ். ராமையா. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற அவர், 1935ஆம் ஆண்டில் 'மணிக்கொடி' இதழைச் சிறுகதைகளுக்கென்றே நடத்தத் தொடங்கினார்.

அவ்விதழில் பொருள்வளம் இல்லை. ஆனால் நட்புவளம் மிகுதியாக இருந்தது. புதுமைப்பித்தன், ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன் முதலியோர் அதில் எழுதினர். கும்பகோணத்தில் தாம் கண்ட ஒருவரிடத்தே கதைத்திறம் இருத்தலை உணர்ந்து, அவரை எழுதச் செய்து, 'மௌனி' என்னும் புனைபெயரையும் சூட்டியவர் ராமையாவே. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவும் அவ்விதழால் ஊக்கம் பெற்ற இளைஞருள் ஒருவர். ராமையாவைப் போலவே செல்லப்பாவும் விடுதலைப் போரில் சிறை சென்றவர். ஒரே ஊர்ப் பற்றும், ஒரே நாட்டுப் பற்றும், ஒரே எழுத்தார்வமும் அவ்விருவரையும் பிணித்தன.

மணிக்கொடி எழுத்தாளர்க்கும் கல்கிக்கும் இலக்கியக் கொள்கையில் வேறுபாடு இருந்தது. பெருந்திரளான வாசகரைக் கவருவதே சிறப்பு என்று ஒரு சாராரும், புதுமை காண்பதே சிறப்பு என்று மறு சாராரும் கருதினர். இரு திறத்தாரும் எழுத்தில் கடுமையாகவே வாதிட்டனர். அவ்வேறுபாடு பகையாகவே முடிந்திருந்தால் தமிழுக்குப் பேரிழப்பு நேர்ந்திருக்கும். அவ்வாறு முடியாமல் காத்தவருள் நா. பார்த்தசாரதி ஒருவர். கல்கி இதழில் வரலாற்று நாவல்கள் எழுதி வளர்ந்த அவர், 1965ஆம் ஆண்டில் 'தீபம்' என்னும் இதழைத் தொடங்கினார். மணிக்கொடியின் கதையைத் தொடராக எழுதுதற்கு அவ்விதழின் பக்கங்களை ராமையாவுக்கு அளித்தார். இளையோர்க்கு இடந்தந்த முதியவர்க்கு, இளையவர் ஒருவர் இடந்தந்தார். அவ்வாறு எழுந்த 'மணிக்கொடி காலம்' என்னும் நூல் 1982ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசினைப் பெற்றது. அடுத்த ஆண்டே ராமையா மறைந்தார். தீபத்தில் அப்பக்கங்கள் கிடைத்திராவிடின் அந்நட்பின் வரலாறு அவரோடே மறைந்து போயிருக்கவும் கூடும்.

செல்லப்பாவும் தாம் பட்ட கடனை மறவாதவர். 1959ஆம் ஆண்டில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கிப் புதிய கவிஞர் பலர்க்கு இடமளித்தார். நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். ராமையாவின் சிறுகதைகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். இறுதியில், எண்பத்தைந்தை எட்டிய முதுமையில், 1997ஆம் ஆண்டு 'சுதந்திர தாகம்' என்னும் பெருநாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அதுவும் ஒருவகையில் வரலாற்று நாவலே. ஆனால் அதில் முடிமன்னர் இல்லை, இளவரசியர் இல்லை. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு எழுந்த எளிய இளைஞரே அதன் மாந்தர். அடுத்த ஆண்டில் ஆசிரியர் மறைந்தார். 2001ஆம் ஆண்டில் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வழங்கப்பெற்றது.

இவர்கள் வாழ்விலிருந்து அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. ஊக்கம் என்பது ஒரு கொடை. பொன்னையும் பொருளையும் வாங்கியவர் கொடுத்தவரிடமே திருப்பித் தருதல் கூடும். ஊக்கத்தையோ பெரும்பாலும் பின்வருவோர்க்கு அளித்தே அக்கடனைத் தீர்க்க இயலும். அதனை அளிப்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. ஒரு பாராட்டுக் கடிதம், இதழில் ஒரு பக்கம், பொருத்தமான ஒரு புனைபெயர், முடிவுரையில் ஒரு நம்பிக்கைச் சொல் ஆகியவையே போதும். வேண்டுவது ஒன்றே: பிறர் உயர்வைத் தம் தாழ்வாக எண்ணாத உள்ளம்.

திண்டுக்கற் பாறையின்மேல் எழுந்த கோட்டை இன்று படையின்றிக் கிடக்கின்றது. ஆனால் அச்சமவெளியில் அடைக்கலம் புகுந்த அரசியைக் கைவிடாத பாளையக்காரரின் புகழ் அழியவில்லை. எழுத வந்த இளைஞரைக் கைவிடாத பெரியோரின் புகழும் அத்தகையதே. உடன் பயிலும் தோழன் ஒருவன் நல்ல கட்டுரை ஒன்றை எழுதினால், அதனை முதலிற் பாராட்டும் நா நம்முடையதாக இருத்தல் வேண்டும். அதுவே இக்கொடைக்குத் தொடக்கமாகும்.