மொய் நோட்டில் இல்லாத பெயர்கள்

கல்யாண மண்டப வாசலில் மொய் எழுத உட்காருபவர், ஊர், தகப்பனார் பெயர், கொடுத்தவர் பெயர், தொகை என்று ஒன்றுவிடாமல் நோட்டில் ஏற்றுவார். பல வருடம் கழித்து அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். பெற்றதைக் கைப்பட எழுதி வைப்பது நமக்குப் புதிய பழக்கமே இல்லை. ஆனால், ராத்திரி முழுக்க வார்டில் ஓடியாடிய நர்ஸுக்கும், புயல் ஓய்ந்த மறுநாள் மின்கம்பம் ஏறிய ஊழியருக்கும், கணக்கு வராத பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கும் அந்த நோட்டில் இடமில்லை. அவர்களுக்குத் திருப்பிச் செய்ய ஒரு முறையும் இல்லை. அந்தக் கடனுக்கு, கையால் எழுதிய நன்றிக் கடிதம்தான் சரியான வழி என்பது என் துணிபு.

“நமக்குள்ள எதுக்கு தேங்க்ஸ் எல்லாம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தமிழ்ச் சமூகத்தில் நன்றி வாய்ச்சொல்லைவிடப் பதில் செய்கையில்தான் வெளிப்படுகிறது என்பதை மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985-ல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னால் அது அந்நியமாகக்கூடப் படும். ஆனால் பதில் செய்கைக்கு, மறுபடி சந்திக்கும் வாய்ப்பும் தொடரும் உறவும் வேண்டும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்த நர்ஸை நாம் எங்கே பார்க்கப்போகிறோம்? செய்கைக்கு வழியில்லாத இடத்தில் சொல்லும் இல்லாமல் போனால், நம் மனதில் இருப்பது அவருக்கு ஒருநாளும் தெரியாது.

இரண்டாவது தயக்கம், “எனக்கு அழகா எழுத வராதே” என்பது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு மேல் கவலைப்பட்டார்கள்; அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். சொல் சரியாக அமைந்ததா என்பது எழுதியவரின் கவலையாக இருந்தது. பெற்றவர் பார்த்தது அதிலிருந்த அன்பைத்தான்.

அந்த ஆய்வின் முதல் சோதனையில் கடிதங்கள் மின்னஞ்சலில்தான் போயின. அப்படியானால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதாதா? ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்தின் பெயரைக் கவனியுங்கள்: செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது பிறர் செய்த நன்மை. நம் பங்கு அதை அறிவது. கூப்பிய கை எமோஜியை எதையும் அறியாமலே அனுப்பிவிட முடியும். வெள்ளைத் தாளை எடுத்து வைத்துவிட்டால், அவர் என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் நமக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார்க்காமல் இரண்டாவது வரிக்குப் போக முடியாது. கையின் வேகம் குறைவாக இருப்பதே இங்கே நன்மை. கேம்ப்பெல் சூப் நிறுவனத்தை 2001 முதல் 2011 வரை நடத்திய டக் கானன்ட், ஊழியர்களுக்கு நாள்தோறும் பத்துக்கும் மேற்பட்ட நன்றிக் குறிப்புகளைக் கைப்பட எழுதிவந்தார். 2009-ல் அவர் கார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, நலம் விசாரித்து ஊழியர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன.

எழுதி எழுதிக் கற்ற சில பாடங்களைச் சொல்கிறேன். “தங்கள் மேலான உதவிக்கு நெஞ்சார்ந்த நன்றி” என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியம் யாருக்கும் பொருந்தும். “சிஸ்டர், செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுத்தபோது தலையணையை உயர்த்தி வைத்தீர்கள். விடிவதற்குள் நாலு தடவை வந்து பார்த்தீர்கள். அந்த தைரியத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்” என்று எழுதினால், அது அவர் ஒருவருக்கே உரியது. ஐந்தாறு வரி போதும். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும். அந்தக் கடிதத்திலேயே இன்னொரு உதவி கேட்காதீர்கள். கேட்டால் அது மனுவாகிவிடும். முகஸ்துதி ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தால், நமக்கு இனி எந்தக் காரியமும் ஆகவேண்டியிராதவர்களுக்கு முதலில் எழுதுங்கள். ஒருமுறை எழுதியதோடு நிறுத்தவும் வேண்டாம். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம் வரை நீடித்தது, பிறகு தேய்ந்துவிட்டது. மாதம் ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விலாசம் தெரியாவிட்டால், வேலை செய்யும் இடத்துக்கே அனுப்பலாம், கையிலும் கொடுக்கலாம். மொய் நோட்டில் இல்லாத ஒரு பெயர் இதைப் படிக்கும்போதே உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். இன்று ராத்திரி படுக்கப்போகும் முன் அவருக்கு ஐந்து வரி எழுதிவிடுங்கள்.