கோசுத் தோட்டத்தில் முளைக்கும் கடுகினக் களை

நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப் பிரதேசங்களில், தோட்டக்கால்களிலும் பாதையோரங்களிலும் சிறு பூண்டொன்று முளைப்பதைக் காணலாம். தாவர சாஸ்திரிகள் இதற்குக் ‘காப்செல்லா பர்சா-பாஸ்டோரிஸ்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். பிற்பாதிக்கு ‘இடையனுடைய பை’ என்பது பொருள். இது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டைக்கோசு, காலிபிளவர், நூக்கோல், முள்ளங்கி ஆகியவற்றிற்கு இது உறவாதலின், இதனை இனமறிந்துகொள்ளுதல் அவசியம்.

இளஞ்செடியின் இலைகள் ஆழப் பிளவுபட்டு, தரையோடு வட்டமாய்ப் படிந்திருக்கும். நடுவினின்று தண்டு எழும்பி ஒன்றரை அடி வரை வளரும். தண்டிலுள்ள இலைகள் காம்பின்றி, காதுபோன்ற மடல்களால் தண்டைத் தழுவி நிற்கும். பூக்கள் மிகச் சிறியவை, வெண்மையானவை; 4 இதழ்கள் சிலுவைபோல் அமைந்திருக்கும். 6 கேசரங்களில் 4 நீண்டும் 2 குறுகியும் இருக்கும். கடுகுப் பூவிலும் இவ்வமைப்பே உண்டு. ஆயினும் காயைக் கண்டால் ஐயம் நீங்கும். கடுகின் காய் நீண்டு ஒடுங்கியது. இதன் காயோ தட்டையாய், முக்கோண வடிவில், நுனி சற்றுக் குழிந்திருக்கும். காய்க்குமுன் ஐயம் எழுமாயின் இலையைக் கிள்ளிப் பார்க்க. பால் வடிந்தால் அது இப்பூண்டன்று.

இதனால் விளையும் தீமை யாதெனில், கோசுப் பயிரைக் கெடுக்கும் வேர்வீக்க நோய் இதனையும் பற்றும் என்பதே. இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1878-ல் ருஷிய விஞ்ஞானி வரோனின் விவரித்தார். அதன் வித்துக்கள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்; புளிப்பு மண்ணில் நோய் அதிகரிக்கும். உருளைக்கிழங்கை இந்நோய் தாக்குவதில்லை. ஆகவே, கோசுக்குப்பின் கிழங்கு பயிரிட்டால் நிலம் நோயினின்று விடுபடும் என்று குடியானவர் கருதுவர். ஆனால் கிழங்குப் பாத்திகளினிடையே இப்பூண்டு நிற்குமாயின், நோய் அதன் வேரிலேயே பெருகும். பயிர் மாற்றியதன் பலன் வீணாகும்.

ஆதலால் இப்பூண்டைக் காய் முற்றுமுன் வேரோடு பிடுங்குதல் வேண்டும். பிடுங்கியபின் வேரைப் பார்த்தல் முக்கியம். வேர் தடித்துக் கட்டிகட்டியாய் இருப்பின், அதை எருக்குழியில் இடாமல் எரித்துவிடுக. மண்வெட்டியையும் கழுவியே அடுத்த நிலத்திற்குக் கொண்டுபோதல் வேண்டும். பட்டாணி, அவரை வேர்களிலுள்ள சிறு முடிச்சுகளோ நன்மை பயப்பவை. அவற்றை நோயென்று மயங்கலாகாது. நோய் கண்ட நிலத்தின் மண்ணைப் பரிசோதிப்பித்து, புளிப்பிற்கேற்பச் சுண்ணாம்பு இடுதல் நலம்.

ஒருவர் களைந்தும் அண்டை நிலத்தார் விட்டுவைத்தால் விதை மீண்டும் வந்து சேரும். ஆகையால் பாதையோரங்களிலும் புறம்போக்குகளிலும் இப்பூண்டு காய்க்குமுன் களையப்படுமாறு கிராம உத்தியோகஸ்தர்கள் கவனித்தல் நன்று.