களஞ்சியக் கணக்கும் கணனியும்

எமது பணித்தளமொன்றில் மகளிர் சங்கமொன்று மிளகாய்த்தூளும் கறித்தூளும் உற்பத்தி செய்து வருகின்றது. பதினான்கு அங்கத்தவர்கள். அவர்களுள் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். சில வருடங்களுக்கு முன்னர் முதற்தடவையாகக் களஞ்சியத்தை முழுமையாக நிறுத்து எண்ணியபோது, செத்தல் மிளகாயில் ஏறக்குறைய நான்கு மூடை குறைவாக இருந்தது. ஏட்டில் இருந்தது, களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியத்தின் திறப்பு ஒருவரிடம் மட்டுமே இருந்தது. எவரும் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. ஆயினும் அதற்குப் பின் வந்த மூன்று கூட்டங்களுக்கும் அந்தச் சகோதரி வரவில்லை. நாமும் அவரது வீட்டுக்குச் சென்று விசாரிக்கவில்லை. தாமாகவே ஒருநாள் வந்து, "ஃபாதர், நான் ஒரு மிளகாயும் வீட்டை கொண்டு போகேல்லை" என்று சொன்ன பிறகுதான், ஏட்டையும் தராசையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எமக்குத் தோன்றியது.

மறுநாள் 25 கிலோ மூடை ஒன்றை எடுத்து, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தோம். காம்பு நீக்கியபோது ஒன்றரைக் கிலோ போயிற்று. வெயிலில் காயவைத்து வறுத்தபோது இன்னும் ஒன்றரைக் கிலோ. ஆலையில் ஒட்டியதும் தூசியாகப் பறந்ததும் அரைக் கிலோ. கைக்கு வந்த தூள் இருபத்தொன்றரைக் கிலோ. ஆனால் ஏட்டை எழுதியவர் 21.5 கிலோ தூளை வரவு வைத்து, அதே 21.5 கிலோவையே மிளகாயில் கழித்து வந்திருக்கிறார். மூடைக்கு மூன்றரைக் கிலோ மிளகாய் ஏட்டில் மட்டும் மிஞ்சிக்கொண்டே போயிருக்கிறது. அவ்வாண்டு அரைத்தது 28 மூடை. 28ஐ 3.5ஆல் பெருக்கினால் 98 கிலோ. நான்கு மூடையின் கதை அவ்வளவுதான்.

இவ்விடயத்தை இங்கு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்போது பல சங்கங்கள் "எங்களுக்கும் ஒரு மென்பொருள் எடுத்துத் தாருங்கள்" என்று கேட்கின்றன. கேட்பது நியாயமே. ஆனால் அன்று எம்மிடம் ஒரு கணனி இருந்திருந்தால், அதே பிழையை இன்னும் அழகான எழுத்தில் அச்சடித்துத் தந்திருக்கும். அந்தச் சகோதரியின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும், ஏனெனில் கணனி சொன்னால் எம்மவர் மறுத்துப் பேசுவதில்லை.

பின்னர் நாம் கடையில் விற்கும் கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்கிப் பார்த்தோம். அது வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு நன்றாகவே பொருந்தும். பெட்டியில் வந்த பொருள் அதே பெட்டியில் போகும் கடைக்கு அது போதும். எமது பொருளோ மூடையாக வந்து, கிலோவாக அரைபட்டு, 100 கிராம் பைக்கற்றாகப் போகின்றது. சில வயோதிபத் தாய்மார் மல்லியை இன்னும் கொத்துக் கணக்கிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். இந்த மாற்றங்களுக்கு அந்த மென்பொருளில் இடமில்லை. மூன்று மாதத்தில் அதைக் கைவிட்டோம். போன பணம் போனதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் கடைகளில் இருந்தது. எமது பைக்கற்றுகளைக் கடைக்காரர் உடனே பணம் கொடுத்து வாங்குவதில்லை. விற்ற பின் தருவார், விற்காததைத் திருப்புவார். பைக்கற் களஞ்சியத்தை விட்டுப் போனதும் அதை "விற்பனை" என்று எழுதிவந்தோம். உண்மையில் அது இன்னும் எமது சொத்தே. இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. இதனால் விற்காத பொருளுக்கு இலாபம் காட்டினோம், அந்த இலாபத்தை நம்பி மேலும் மிளகாய் வாங்கினோம், காலாவதியான பைக்கற்றுகள் திரும்பி வந்தபோது திகைத்தோம். களஞ்சியம் ஓர் இடம், ஆலை இன்னோர் இடம், ஒவ்வொரு கடையும் ஒவ்வோர் இடம் என்று கொண்டு, பொருள் எங்கிருந்து எங்கே போகின்றது என்பதை எழுதுவதே இதற்குரிய முறையாகும். பணம் வந்தால் மட்டுமே விற்பனை.

வேலை நடக்கும் ஒழுங்கை முதலில் ஆராய்ந்து, பிறகு அதற்கேற்பக் கணனியை அமைப்பது புதிய கருத்தல்ல. வியாபார வேலைக்குக் கணனியை முதன்முதலில் பயன்படுத்தியது ஒரு தேநீர்க்கடைக் கம்பனி என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். இங்கிலாந்தின் ஜே. லயன்ஸ் கம்பனி தேயிலை விற்றது, கேக் சுட்டது, தேநீர்ச்சாலைகளை நடத்தியது. அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணனியைப் பின்பற்றி "லியோ" என்ற தனது சொந்தக் கணனியையே அமைத்துக்கொண்டது. 1951 நவம்பரில் அக்கணனி செய்த முதல் அலுவலக வேலை, வெதுப்பகப் பொருள்களின் பெறுமதியைக் கணித்தல். 1954 அளவில் தேநீர்ச்சாலைகளின் அன்றாடக் கட்டளைகளையும் அதனிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வழமையான கட்டளை ஒன்று முன்கூட்டியே பதியப்பட்டிருந்தது. கடையின் பொறுப்பாளர் தொலைபேசியில் சொல்ல வேண்டியது மாற்றத்தை மட்டுமே. மாற்றமில்லையெனில் வழமையானது போகும். லயன்ஸ் சிறு தொழிலல்ல. ஆனால் இந்த உத்தி எமது சங்கத்துக்கு அப்படியே பொருந்தியது. விநியோகத்துக்குச் செல்லும் தம்பி ஒவ்வொரு கடையிலும் முழுப் பட்டியலை எழுதிய காலம் போய், இப்போது கூடியதையும் குறைந்ததையும் மாத்திரம் குறித்து வருகிறார்.

எமக்கான மென்பொருளை எழுதித் தந்தவர் அயல் ஊரைச் சேர்ந்த, தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற ஓர் இளைஞர். முதல் இரண்டு வாரமும் அவரை விசைப்பலகையைத் தொட விடவில்லை. மிளகாய் காம்பு நீக்க விட்டோம் என்று பெண்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். உள்ளூர் இளைஞரால் முடியுமா என்று ஐயுறுவோர் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகிய விபரங்களைப் பதிவதற்கு "சகானா" என்ற மென்பொருளை எமது நாட்டவரே சில வாரங்களுக்குள் எழுதினர். எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதாக அது வெளியிடப்பட்டது. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களின்போதும் அது பயன்பட்டது.

இனி மென்பொருள் எழுதுவிக்க எண்ணும் சங்கங்கள் கவனிக்க வேண்டிய சில. எழுத்துரு விடயம் சிறிதாகத் தோன்றும்; ஆனால் எம்மை மிகவும் அலைக்கழித்தது அதுவே. எமது பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கணனியில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். அகர வரிசைப்படுத்தவும் தேடவும் முடியாது. தரவு யாவும் யுனிக்கோட்டில் இருக்க வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கையிருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாதென்று சில மென்பொருள்கள் பதிவைத் தடுத்துவிடும். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் பொருள் கண்முன்னே இருக்கிறது, அதன் வரவு இன்னும் பதியப்படவில்லை, வாகனம் வாசலில் நிற்கிறது. அந்த நேரத்தில் பொறுப்பாளர் என்ன செய்வார்? பொய்யாக ஒரு வரவைப் போட்டுவிட்டு அனுப்புவார். ஆகவே தடுக்காமல் எச்சரித்து, அதைத் தனிப் பட்டியலில் காட்டும்படி கேட்டோம். அதுபோலவே பிழையான பதிவை எவரும் அழிக்க இயலாது. எதிர்ப்பதிவு இட்டு, காரணமும் பெயரும் எழுத வேண்டும். இது ஆளைச் சந்தேகிப்பதற்கல்ல, சந்தேகத்திலிருந்து ஆளைக் காப்பதற்கே.

மீள்கொள்வனவு மட்டத்தைக் கணிப்பது எளிது. வாரத்துக்கு 300 உறைகள் செலவாகின்றன, அச்சகம் தருவதற்கு இரண்டு வாரம் எடுக்கும் என்றால் 600. மழை, விடுமுறை, பாதைத் தடை என்று ஒரு வாரத்தைக் கூட்டினால் 900. இருப்பு 900க்கு வந்ததும் கணனி சொல்ல வேண்டும். ஆனால் பண்டிகை மாதங்களில் வாரத்துக்கு 300 என்பது பொருந்தாது. அதைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

உடன்படிக்கையை எழுத்தில் செய்யுங்கள். மூலநிரல் சங்கத்திடமும் ஒரு பிரதியாக இருக்க வேண்டும். எழுதியவர் வெளிநாடு போய்விட்டால் (எமது பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள்) இன்னொருவர் தொடர வழி வேண்டும். வெள்ளிதோறும் தரவின் பிரதியொன்று வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். முதல் மூன்று மாதமும் ஏடும் கணனியும் சேர்ந்தே நடக்கட்டும். இரட்டை வேலையென்று முணுமுணுப்பு வரும், எமக்கும் வந்தது. இரண்டாவது மாதத்தில் இரண்டும் ஒவ்வாத ஓரிடத்தில் பிழை ஏட்டில் இருக்கவில்லை, மென்பொருளில் இருந்தது.

களஞ்சியத் திறப்பு இன்றும் அதே சகோதரியிடமே இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, வந்ததையும் போனதையும் பேனையால் எழுதிய பின்னரே கணனிக்குப் போகிறார். மின்சாரம் நின்ற நாள்களில் அந்த அட்டைகளைக் கொண்டே வேலை நடக்கின்றது. மாத முடிவில் நிறுக்கும்போது அரைத்த மூடைகளின் சேதாரத்தையும் அவரே வாசிக்கிறார். சென்ற தடவை மூடைக்கு 3.7 கிலோ வந்தது. மிளகாய் ஈரமாக வந்திருக்கிறது என்று சொல்லி, விற்ற வியாபாரியை அழைப்பித்திருந்தார்.