மை காட்டும் மேடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. என்.சி.சி. அணிவகுப்புக்கு உங்கள் பள்ளியில் தரும் பழைய .303 துப்பாக்கியில் இரும்பும் மரமும் சேருகிற இடத்தில் நகம்கூட நுழையவில்லை, இதை எப்படித்தான் செதுக்கினார்கள் என்று கேட்டிருந்தாய். உன் வயதுப் பையன்கள் குழாயைப் பார்ப்பார்கள், விசையைப் பார்ப்பார்கள். நீ இடுக்கைப் பார்த்திருக்கிறாய். பிட்டர் வேலையில் காலம் கழித்தவனுக்கு இதைவிட நல்ல கேள்வி வராது.

கடைசிப் பொருத்தத்தைச் செதுக்கியது உளிதான். ஆனால் உளியை எங்கே வைப்பது என்று சொன்னது மை.

இரும்பு வளைவும் நெளிவுமாக இருக்கும். அதே வடிவத்தில் மரத்தில் குழி வேண்டும். முதலில் அளவைவிடக் கொஞ்சம் சிறிதாகக் குடைந்துகொள்வார்கள். பிறகு இரும்பின் மேல் காயாத மையை மெல்லியதாகத் தடவி, குழிக்குள் நேராக இறக்கி, மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, நேராகவே வெளியே எடுப்பார்கள். மரத்தில் எங்கெல்லாம் மை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு. அந்த மேட்டை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி மை, மறுபடி தட்டு. ஆரம்பத்தில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். போகப்போகப் புள்ளிகள் பெருகிக் குழி முழுக்கப் பரவும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

உன் கையில் இருப்பது லீ என்ஃபீல்டு வகை. மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இசாப்பூர் தொழிற்சாலை இந்த வகையை நெடுங்காலம் செய்தது. இதற்குப் பேர்போன மரம் வால்நட், அதாவது அக்ரூட். இந்தத் துப்பாக்கியில் ஒரு நுட்பம் உண்டு. சுடும்போது இரும்பு பின்னால் உதைக்கிறதல்லவா? அந்த உதையை முன்கட்டையின் பின்பகுதியில், இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக இருக்கும் இரண்டு சிறிய மர முகங்கள் தாங்குகின்றன. இரண்டிலும் இரும்பு ஒரே மாதிரி உட்கார வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் உதை முழுக்க அந்தப் பக்கமே விழும். குறி தவறும், நாளடைவில் கட்டையும் பிளக்கும். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் இதே துப்பாக்கிக்கு உள்ளூர் மரத்தைப் போட்டபோது அந்த முகங்கள் நசுங்கின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே சிறு செப்புத் தகடுகளை வைத்துச் சமாளித்தார்கள். இசாப்பூர்க்காரர்கள் கட்டை பிளக்காமல் இருக்க முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகைக் கோத்தார்கள். இரண்டு முகமும் சமமாகத் தொடுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை, அது உள்ளே இருக்கிறது. மை போட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்காகப் பள்ளித் துப்பாக்கியின் திருகைக் கழற்றிப் பார்த்துவிடாதே. அது அரசாங்கச் சொத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி மலையோரங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீசார் அவ்வப்போது அறிவிப்பதையும் கேட்டிருப்பாய். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். இந்த வித்தையைப் பழகத் துப்பாக்கி தேவையே இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

மை என்றால் என்ன மை? லண்டனில் 1814இல் தொடங்கிய பர்டி போன்ற துப்பாக்கிப் பட்டறைகளின் மரபில் அது வெறும் விளக்குக்கரிதான். புகையும் சுடரில் இரும்பைக் காட்டிக் கரி படியவைப்பார்கள், அல்லது கரியை எண்ணெயில் குழைத்துத் தூரிகையால் தடவுவார்கள். உன் பாட்டியைக் கேட்டுப் பார், இது அவருக்குத் தெரிந்த சமாசாரமாக இருக்கும். அகலில் ஆமணக்கெண்ணெய் ஊற்றித் திரியேற்றி, சுடருக்கு மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்துத்தானே குழந்தைக்குக் கண்மை செய்தார்கள்? அந்தக் கரியில் இரண்டு சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் அது துப்பாக்கிப் பட்டறை மையும் ஆகும். ஆமணக்குக்கு உன் பக்கத்தில் பஞ்சமில்லை. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது.

எந்த எண்ணெய் என்பதில் கவனம் வேண்டும். ஆமணக்கெண்ணெய் காற்றுப் பட்டாலும் காயாது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்தாயானால் அது மெல்ல இறுகிப் பெயின்ட் ஆகிவிடும், தடம் விழாது. அதே ஆளிவிதை எண்ணெய் வேலை முடிந்தபின் வேண்டும். குழிக்குள் வெறும் மரமாக விட்டால் மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் குறுக்குவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். உட்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் அந்த ஆட்டம் மட்டுப்படும். நீளவாக்கில் மரம் அநேகமாக அசையாது என்பதையும் தெரிந்துகொள்.

இரும்போடு இரும்பைப் பொருத்துகிறவர்களுக்கு நீலம்தான் வழக்கம். ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேர்ந்தால் முதல் வருஷமே பிரஷ்யன் புளூ கையில் ஒட்டும், லேசில் போகாது. 1706ஆம் ஆண்டையொட்டி பெர்லினில் தற்செயலாகப் பிறந்த சாயம் அது. தாலியம் விஷம் உடம்பில் ஏறியவர்களுக்கு இன்று அதையே மருந்தாகவும் கொடுக்கிறார்கள் என்றால் நம்புவாயா? ஆனால் நீலம் என்று கடையில் கேட்டால் இரண்டு சரக்கு உண்டு. அளவுக்கோடு கீறுவதற்காகத் தகட்டில் பூசும் நீலம் உடனே காய்ந்துவிடும். பொருத்தம் பார்க்கும் நீலம் டியூபில் பசையாக வரும், காயாது. முதலாவதை வாங்கி வந்து தடமே விழவில்லை என்று புலம்பும் பையன்கள் வருஷாவருஷம் இருக்கிறார்கள். பழைய பட்டறைகளில் செந்தூரம்போல் ஒரு சிவப்புப் பொடியை எண்ணெயில் குழைத்து வைத்திருப்பார்கள். ரெட் லெட் என்பார்கள். அது ஈயம், விஷம். கையால் தொட்டுவிட்டு அதே கையால் டீ குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ அதன் பக்கம் போகாதே. வால்நட் போன்ற கருத்த மரத்தில் கரியும் நீலமும் சரியாகத் தெரியாமல் போனால் சில அமெரிக்கத் தச்சர்கள் சிவப்பு உதட்டுச்சாயத்தைத் தடவுகிறார்கள். சிரிக்காதே, நன்றாகவே வேலை செய்கிறது.

எந்த மையாக இருந்தாலும் தவறு நடப்பது ஒரே இடத்தில். தாராளமாகப் பூசிவிடுவார்கள். மை தடித்தால் இரும்பு எட்டாத பள்ளத்திலும் போய் ஒட்டும். அதை மேடென்று நம்பிச் சுரண்டினால் பள்ளம் இன்னும் பள்ளமாகும். மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பூசியபின் மையின் ஊடாக இரும்பின் நிறம் தெரிய வேண்டும், அதுதான் அளவு. இன்னொன்று, எல்லாத் தடமும் ஒரே தடமல்ல. அழுத்தமாகப் பட்ட இடத்தில் நடுவில் மை பிதுங்கி விலகி மரம் பளபளக்கும், சுற்றிலும் கரை கட்டியிருக்கும். அதுதான் நிஜ மேடு. குழியின் செங்குத்துச் சுவர்களில் நீளமாக இழுபட்டிருக்கும் தடம் பெரும்பாலும் இறக்கும்போது உரசியது. அதை நம்பிச் சுரண்டினால் இடைவெளி விழும். இந்த உரசலைத் தவிர்க்கத்தான் திருகுத் துளைகளில் தலையில்லாத நீளத் திருகுகளை மாட்டி, ஒவ்வொரு முறையும் இரும்பு ஒரே வழியில் இறங்கும்படி செய்வார்கள்.

இனி உன் ஊர் விஷயம். தொப்பூர்க் கணவாயில் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகளைத் தினம் பார்க்கிறாய். நல்ல டிரைவர் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறக்குவான். அப்போது பின் அச்சுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? மேடேறும்போது பினியன் என்ற சிறு பற்சக்கரம் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைத் தள்ளும், பல்லின் ஒரு பக்கம் சுமை தாங்கும். இறக்கத்தில் சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளுவதால் சுமை பல்லின் மறுபக்கத்துக்கு மாறிவிடும். கிரவுன் பினியன் மாற்றும் மெக்கானிக் சில பற்களில் மை தடவிக் கையால் சுற்றித் தடம் பார்ப்பான். தடம் பல்லின் நடுவில், சற்று உள்முனைப் பக்கமாக விழ வேண்டும். அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. ஷிம் தகட்டைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வான். சமவெளியில் ஓடும் வண்டி என்றால் முன்பக்கத் தடத்தோடு சிலர் திருப்தியாகிவிடுவார்கள். உன் கணவாயில் இறங்கும் வண்டிக்கு மறுபக்கத் தடத்தையும் பார்க்காமல் மூடியைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. ஊர்ப் பட்டறையில் அச்சைப் பிரித்திருக்கும் நாளில் போய் நின்று பார், கேட்டால் காட்டுவார்கள்.

துப்பாக்கித் தொழிலில் இந்த வித்தைக்கு இனி எவ்வளவு இடம் இருக்கும் என்பது வேறு. 1966இல் தொடங்கிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. ஆனால் உலகமெங்கும் ராணுவத் துப்பாக்கிகளில் மரக்கட்டை போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கு மை தேவையில்லை. கதவுக்கும் வால்வுக்கும் கியருக்கும் தேவை இருக்கிறது.

ஆகவே பூட்டில் ஆரம்பி. கதவு விளிம்புக்குள் புதைக்கும் சாதாரணப் பூட்டு ஒன்று, ஒரு பழைய தேக்குத் துண்டு, கூரான உளி, பாட்டி செய்யும் கண்மை போதும். கடையில் விற்கும் கண்மைப் பென்சில் வேண்டாம், மெழுகு கலந்திருக்கும், திப்பிதிப்பியாக ஒட்டும். குழியை அளவுக்குச் சற்றுச் சிறிதாக எடுத்து, மை காட்டுவதை மட்டும் சுரண்டு. மையேறிய குழியைச் சுரண்டுவதற்கு முன் ஒன்றும், முடித்தபின் ஒன்றும் படமெடுத்து அனுப்பு. எந்தத் தடம் மேடு, எது உரசல் என்று நீயே குறித்து அனுப்ப வேண்டும், நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா