இரத்தத்திற் காணும் இருதய நோய்க்குறிகள்

புகையைக் கண்டு நெருப்பு உண்டென அறிதல் தருக்க நூலார் காட்டும் வழி. ஆயின் புகையை விசிறி ஓட்டிவிட்டால் நெருப்பு அணைந்துவிடுமோ? இருதய நோய் ஆராய்ச்சியிலும் இவ்வினா எழுந்தது.

உண்ட உணவு உடலில் மாறுங்கால் பிறக்கும் நுண்பொருள்கள் பல இரத்தத்திற் கலந்து ஓடுகின்றன. அவற்றுட் சில, இருதயத்திற்கு இரத்தமளிக்கும் நாடிகள் அடைபடுதலை முன்னரே உணர்த்துவன. யாவரும் பெயர் கேட்டிருப்பது கொலஸ்டிரால். 1913ல் ருஷிய நாட்டு அனிச்கோவ் என்பார் முயல்களுக்கு அதனை ஊட்டி, அவற்றின் நாடிகளிற் கொழுப்புப் படிதலைக் காட்டினார். 1948ல் அமெரிக்க நாட்டுப் பிராமிங்காம் என்னும் ஊரில் தொடங்கி, 5,209 பேரைப் பல ஆண்டுகள் பரிசோதித்து வந்ததில், கொலஸ்டிரால் மிக்காரை இந்நோய் மிகுதியாய்ப் பற்றுதல் புலனாயிற்று.

ஈண்டு யான் சொல்லப் புகுந்தது ஹோமோசிஸ்டீன் என்னும் பிறிதொன்று. உணவுப் புரதத்திலுள்ள மெதியோனினிலிருந்து இது பிறக்கும். போலிக் அமிலம், பி12, பி6 என்னும் வைட்டமின்கள் இதனை வேறு பொருளாக மாற்றும். அவை குறையின் இது இரத்தத்தில் தேங்கும். பிறவிக் குறையால் இது மிகத் தேங்கப்பெற்ற குழந்தைகளின் நாடிகள், முதியோர் நாடிகள் போற் கெட்டிருத்தலை 1969ல் மக்கல்லி என்னும் அமெரிக்க வைத்தியர் எடுத்துரைத்தார். பின்னர், பெரியோரிலும் இது மிக்கார்க்கு இருதய நோய் மிகுதல் காணப்பட்டது. மலிவான வைட்டமினாற் கொடிய நோயைத் தடுக்கலாமென்று எண்ணியதிற் பிழை சொல்வார் யார்?

நார்வே நாட்டில், மாரடைப்பினின்று தப்பிய 3,749 பேரைப் பகுத்து, சிலர்க்கு வைட்டமின்களும் சிலர்க்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். 2006ல் முடிவு வெளிவந்தது. போலிக் அமிலமும் பி12ம் உண்டோர்க்கு ஹோமோசிஸ்டீன் நூற்றுக்கு 27 பங்கு குறைந்தது, நோயோ குறைந்திலது! அவ்வாண்டே வெளிவந்த, 5,522 பேரைப்பற்றிய வேறொரு சோதனையிலும் மாரடைப்புக் குறையவில்லை. பக்கவாதம் மட்டும் சிறிது குறைந்தது. விசிறியால் ஓட்டியது பெரும்பாலும் புகையே போலும்.

கொலஸ்டிராலின் கதை அவ்வாறன்று. 1994ல் வெளிவந்த ஸ்காண்டிநேவியச் சோதனையில், முன்பே இருதய நோயுற்ற 4,444 பேருள், சிம்வாஸ்டாட்டின் என்னும் மருந்துண்டோர்க்குக் கொலஸ்டிராலும் குறைந்தது. இறப்பும் நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது.

இக்காலத்துக் கருவிகள் ஒரு துளி இரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களை அளக்கவல்லன. ஆதலின் புதிய குறிகளுக்குப் பஞ்சமில்லை. முட்டை, புலால் முதலியவற்றிலுள்ள கோலினைக் குடற்கிருமிகள் சிதைக்க, கல்லீரல் முடித்துத்தரும் டி.எம்.ஏ.ஓ. என்னும் பொருளும் இந்நோயை முன்னுணர்த்துமென 2011ல் கிளீவ்லாந்து நகரத்து ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஆயின் மீன் உண்டார் இரத்தத்திலும் அஃது ஏறும். மீனையோ இருதயத்திற்கு நல்லுணவென்று வைத்தியர் கூறுவர். நார்வேயிற் செய்தது போன்ற சோதனை இதற்கும் வேண்டும்.