சௌராஷ்டிரம் கலப்பு மொழியா?

பட்டு நெய்யும் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. பட்டுநூல்காரர் வீட்டுக்குள் புழங்கும் சௌராஷ்டிரம் தனி மொழியே அல்ல, வடக்கிலிருந்து தமிழகம் வரும் வழியில் மராத்தியைக் கொஞ்சம், கன்னடத்தைக் கொஞ்சம், தெலுங்கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு கடைசியில் தமிழோடு கரைந்துபோன கலவை என்பார்கள். மதுரை, சேலம், கும்பகோணம் தொடங்கி ஆரணி வரை இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. அந்த மொழியைப் பேசுகிறவர்களே சிலர் இதைச் சற்றுக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்வதும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று பொய்யல்ல. சௌராஷ்டிரத்தில் தெலுங்குச் சொற்கள் ஏராளம்; விஜயநகர ஆட்சிப் பகுதியில் தங்கியிருந்த காலத்தின் எச்சம் என்று அதை விளக்குவது வழக்கம். கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் தமிழாகிவிட்ட பிறகு தமிழ்ச் சொற்களும் பெருகிவிட்டன. சான்று சரிதான், அதை வைத்துச் செய்யும் முடிவுதான் தவறு.

ஒரு மொழி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பார்க்க, எளிதில் இரவல் போகும் சொற்களை ஒதுக்கிவிட வேண்டும். துணிமணி, பலகாரம், வரி, வழக்கு ஆகியவற்றின் பெயர்கள் ஊருக்கு ஊர் கைமாறும். நான், நீ, மூன்று, ஏழு போன்றவை அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. சௌராஷ்டிரத்தில் நான் என்பது ‘மீ’, நீ என்பது ‘தூ’, நாங்கள் என்பது ‘அமி’. மூன்று ‘தீன்’, ஐந்து ‘பாஞ்ச்’, ஏழு ‘சாத்’. இவற்றில் தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. எல்லாமே பிராகிருத வழியில் வந்தவை. இன்னும் தள்ளிப் போய்ப் பார்க்கலாம். நடு ஐரோப்பாவின் செக் மொழியில் நீ என்பது ‘தி’, மூன்று ‘த்ர்ஷி’, ஏழு ‘செதும்’. நமக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் உஸ்பெக் மொழியிலோ அவை ‘சென்’, ‘உச்’, ‘யெத்தி’. செக் நாட்டுப் பிராக் நகரமும் ஆரணியும் ஒன்றையொன்று கேள்விப்பட்டிராத காலத்திலும் செக்கும் சௌராஷ்டிரமும் தூரத்துப் பங்காளிகள்தான். இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் கிளைகள். உஸ்பெக் துருக்கியக் குடும்பம்.

பொதுச் சொற்களே உறவுக்குச் சான்று என்றால் தமிழும் உஸ்பெக்கும் சொந்தக்காரர்கள் ஆகிவிடும். நம் மைதானம் அங்கே ‘மய்தோன்’, நம் பஜார் அங்கே ‘போஸோர்’, வக்கீல் என்ற சொல் அங்கேயும் உண்டு. அரபியும் பாரசீகமும் இரு பக்கமும் கொடுத்துவிட்டுப் போன சொற்கள் இவை. உஸ்பெக்கில் பாரசீக, அரபுச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. மற்றத் துருக்கிய மொழிகளின் அடையாளமான உயிரொலி இசைவைக்கூடப் பெருமளவு அது இழந்துவிட்டது. ஆனாலும் அதை யாரும் பாரசீகத்தின் கிளை என்றோ கலவை என்றோ சொல்வதில்லை.

சொற்கள் போகட்டும், இலக்கண அமைப்பு ஒத்துப்போனால் உறவுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, பெரிய அறிஞர்களையே தடுக்கி விழ வைத்தது. ‘வீடுகளில்’ என்பதை உஸ்பெக்கில் ‘உய்லர்தா’ என்பார்கள். உய் என்றால் வீடு, லர் என்றால் கள், தா என்றால் இல். நம் சொல்லை அப்படியே அச்செடுத்தாற்போல இருக்கிறது. செக்கில் அது ‘வ் தொமெக்’. முன்னால் ஓர் இடைச்சொல், பின்னால் பன்மையையும் வேற்றுமையையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகச் சுமக்கும் ஓர் ஈறு. தமிழிலும் உஸ்பெக்கிலும் போல ஒட்டு ஒட்டாகச் சேரும் தன்மையும் கால்டுவெல்லை ஈர்த்தது. 1856-இல் வந்த தம் திராவிட ஒப்பிலக்கணத்தில் அவர் திராவிட மொழிகளைத் துருக்கியம், பின்னியம் முதலியவற்றோடு ‘சித்திய’க் கூட்டத்தில் சேர்க்கப் பார்த்தார். திராவிடம் தனிக் குடும்பம் என்று அவர் நிறுவியது நின்றது. இந்தச் சேர்க்கையை இன்றைய அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அமைப்பு ஒற்றுமை தற்செயலாகவும் வரும், பக்கத்து வீட்டுப் பழக்கத்தாலும் வரும். இந்திய மொழிகள் குடும்பம் கடந்து ஒன்றையொன்று சாயல் பிடித்திருப்பதை மொழியியலாளர் எமனோ 1956-லேயே எழுதிவிட்டார். சௌராஷ்டிர வாக்கியத்தில் தெற்கத்திச் சாயல் தெரிந்தால் அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

நெடுநாள் பக்கத்தில் இருந்தால் மொழிகள் ஒன்றாகிவிடும் என்ற எண்ணத்துக்கு ஆரணி வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது. போளூர்ப் பக்கத்துத் திருமலையில், நேமிநாதர் நெடிதாக நிற்கும் சமணத் தலத்தில், அதியமான் மரபுத் தலைவன் ஒருவன் இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்த செய்தியைத் தமிழும் வடமொழியும் ஒரே கல்வெட்டில் சொல்கின்றன. ஒரே பாறையில் நூற்றாண்டுக் கணக்காக அடுத்தடுத்து இருந்தும், தமிழுக்கும் வடமொழிக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டே தவிரப் பிறப்புறவு வந்துவிடவில்லை.

‘மீ’, ‘அமி’ இரண்டும் மராத்தியை ஒத்திருக்கின்றனவே, ஆகவே சௌராஷ்டிரம் மராத்தியின் வட்டார வழக்குதானே என்பது அடுத்த வாதம். ஆரணி ஜாகிர் மராத்திக் குடும்பத்திடம் இருந்ததால் இங்கே இந்தக் குழப்பம் இன்னும் எளிது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சௌராஷ்டிரத்தைக் குஜராத்தி என்ற தலைப்பின்கீழ் வைக்கிறது. 2011-இல் அப்படிப் பதிவானவர்கள் ஏறக்குறைய 2.47 லட்சம் பேர். ஒருவர் மராத்தி என்கிறார், அரசு குஜராத்தி என்கிறது. இரண்டுக்கும் உடன்பிறப்பான ஒரு மொழி சின்ன வயதிலேயே பிரிந்து வந்துவிட்டால் இரு பக்க முகச்சாயலும் அதில் தெரியத்தான் செய்யும். என் பார்வையில் கணக்கெடுப்புத் தலைப்பு நிர்வாக வசதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எழுத்து இல்லாததெல்லாம் மொழியா என்ற ஏளனம் மிச்சம் இருக்கிறது. முதலில், எழுத்து உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமராய் என்பவர் அதைச் சீர்திருத்திப் பாடநூல்களை அச்சிட்டார். 2008-இல் அது யூனிகோடிலும் ஏறியது. 2006-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பாஷா சம்மான் விருதும் சௌராஷ்டிரத்துக்குக் கிடைத்தது. அடுத்து, எழுத்தே இல்லாமல் இருந்தாலும் வாதம் மாறாது. உஸ்பெக் அரபு எழுத்திலிருந்து 1920-களின் இறுதியில் லத்தீனுக்கும், 1940-இல் சிரில்லிக்குக்கும் போய், 1993-க்குப் பின் மறுபடி லத்தீனுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது; மொழி அதே உஸ்பெக்தான். சௌராஷ்டிரத்தைத் தமிழ், தெலுங்கு, தேவநாகரி என எந்த எழுத்தில் எழுதினாலும் ‘தீன்’ தீன்தான். சொந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், பள்ளிக்கூடம் அதைக் கற்றுத்தருவதில்லை என்பது.